சுடோகு போட்டா போதுமா? வயசானாலும் மூளை கூர்மையா இருக்க ஐதராபாத் ஆய்வு காட்டும் வழி

காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மொழி புழங்குவது சாதாரணம். வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம் அல்லது சௌராஷ்டிரம்; கடைத்தெருவுக்குப் போனால் தமிழ். பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகூட இரண்டிலும் சரளமாகப் பேசுவார். இந்தப் பழக்கத்துக்கும் முதுமையில் வரும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்கிறது, உலக அளவில் கவனம் பெற்ற ஓர் இந்திய ஆய்வு.

மறதி நோய் எவ்வளவு பேருக்கு?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம். ஆக, இது பெருநகரத்து அடுக்குமாடி வீடுகளின் பிரச்சினை மட்டுமல்ல. காஞ்சிபுரம் அருகே உள்ள முசரவாக்கம் மாதிரியான கிராமங்களுக்கும் இது வீட்டு வாசல் பிரச்சினைதான்.

ஐதராபாத்தில் என்ன கண்டுபிடித்தார்கள்?

நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு, ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு வந்த 648 மறதி நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. முடிவு 2013-ல் வெளியானது. ஒரு மொழி மட்டுமே பேசியவர்களுக்கு நோய் சராசரியாக 61 வயதில் தொடங்கியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அது சுமார் நாலரை ஆண்டு தள்ளிப்போயிருந்தது.

"படிச்சவங்களுக்குத்தானே இரண்டு மொழி தெரியும்? அந்தப் படிப்புதான் காரணமா இருக்கும்" என்று ஒரு கேள்வி வரலாம். அதற்கும் இந்த ஆய்வில் பதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதே வித்தியாசம் தெரிந்தது. பக்கவாதம் வந்த 608 பேரிடம் இதே குழு பின்னர் நடத்திய ஆய்வில், அறிவாற்றல் பாதிக்கப்படாமல் மீண்டவர்கள் இருமொழி பேசுவோரில் சுமார் 40 சதவீதம். ஒரு மொழி மட்டும் பேசுவோரில் சுமார் 20 சதவீதம்.

மொழிக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு மொழி பேசுபவர், எதிரில் இருப்பவரைப் பார்த்ததும் ஒன்றை அடக்கி இன்னொன்றை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை நடக்கும் இந்த மாற்றம், மூளைக்கு ஓயாத பயிற்சி. இப்படி வாழ்நாள் முழுக்கச் சேரும் பலத்தை 'மூளையின் சேமிப்பு' என்று சொல்லலாம். நோய் உள்ளே தொடங்கினாலும், சேமிப்பு இருப்பவர் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பார் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வு காட்டுவது ஒரு தொடர்பைத்தான். நோய் வரவே வராது என்று அது சொல்லவில்லை. வேறு நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவும் இல்லை.

அப்போ சுடோகு, குறுக்கெழுத்து வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை. ஆனால் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வதைவிட, புதுசா ஒன்றைக் கற்பது கூடுதல் பலன் தரலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதையும், டிஜிட்டல் புகைப்படக் கலையையும் சிலர் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் கற்றார்கள். அவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. வீட்டில் வார்த்தைப் புதிர் போட்டவர்களிடமும், கூடிப்பேசி மட்டும் பொழுதைக் கழித்தவர்களிடமும் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

இதைத் தறிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 50 வருஷம் கோர்வைச் சேலை நெய்தவருக்கு அந்த வேலை கைப்பழக்கம். ஆனால் புது டிசைனைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், செல்போனில் பணம் அனுப்பக் கற்பதும் மூளைக்குப் புது வேலை. "உங்களுக்கு இது புரியாது, விடுங்க தாத்தா" என்று போனைப் பிடுங்கும்போது, அந்தப் பயிற்சியையும் சேர்த்தே பிடுங்குகிறோம்.

காதும் கண்ணும் ஏன் முக்கியம்?

லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, அதிக மது, உடலுழைப்பு இல்லாமை, தனிமை, மனச்சோர்வு ஆகியவற்றோடு காது மந்தமும், சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் உள்ளன.

காது சரியாகக் கேட்காதவர் பேச்சைக் குறைப்பார். கண் மங்கினால் நெசவாளர் தறியை விட்டு இறங்குவார். பேச்சும் வேலையும் போனால், திண்ணையில் தனியாக உட்காருவதுதான் மிச்சம். மூளைக்கு வேலை குறைவது அங்கேதான். "வயசானா அப்படித்தான்" என்று விடாமல், காதையும் கண்ணையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி, கண்புரை அறுவை சிகிச்சை என்று போவது மூளைக்கும் செய்யும் உதவி.

எது சாதாரண மறதி, எது எச்சரிக்கை?

- சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். சாவி எதற்கு என்றே தெரியாமல் நிற்பது எச்சரிக்கை.
- தெரிந்தவர் பெயர் சட்டென வராமல், பிறகு ஞாபகம் வருவது சாதாரணம். பழகிய தெருவிலேயே வழி தவறுவது எச்சரிக்கை.
- ஒரே கேள்வியைச் சில நிமிடங்களில் மறுபடி மறுபடி கேட்பது, கணக்கு வழக்கில் திடீர்க் குழப்பம், குணம் மாறுவது ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
- ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பத்துக்குத் தொற்றோ பக்கவாதமோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்றவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

எங்கே உதவி கிடைக்கும்?

தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றை விடாமல் சாப்பிடுவது மூளையின் ரத்தக்குழாய்களுக்கும் பாதுகாப்பு. சென்னை கிண்டியில் முதியோருக்காகவே 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

இதில் பணம் செலவில்லாத மருந்து ஒன்றும் உண்டு. வீட்டுப் பெரியவரிடம் தினமும் உட்கார்ந்து பேசுவது. அவருக்கு இரண்டு மொழி தெரியும் என்றால், இரண்டிலும்.