விளிம்பில் இருக்கும் பெயர்

பதக்கம் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். ராஜா தலை, சிங்கம், நட்சத்திரம், அசோகச் சக்கரம் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் முதலில் விளிம்பைப் பார்ப்பேன். மெல்லிய அந்த ஓரத்தில் ஒரு எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நெருக்கி அடித்திருக்கும். முகப்பு லட்சக்கணக்கான பேருக்குப் பொது. விளிம்பு ஒரே ஒரு ஆளுக்கு உரியது.

மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, வரதராஜன்பேட்டையில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். மதராஸ் சாப்பர்ஸ் என்பது பெங்களூரில் இருக்கும் மதராஸ் எஞ்சினியர் குரூப். 1780இல் தொடங்கிய படை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. ராணுவம் முழுக்க எங்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். பட்டாளத்துக்காரன் வீடு என்று தெரிந்ததால், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்களில் இருந்து அவ்வப்போது யாராவது ஒரு பழைய மெடலைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அலங்கார அன்னை கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அப்படித்தான் பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார்.

“தம்பி, எங்க மாமனாரு மிலிட்டரில இருந்தப்ப குடுத்தது. எடைக்குப் போடலாம்னு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு வெள்ளி இல்லையாம், ஒண்ணு பித்தளையாம். மூணுக்கும் சேத்து நூறு ரூவா தரேன்னான்.”

“குடுத்துட்டீங்களா பெரியம்மா?”

“மனசு வரலப்பா. என்னமோ எழுதியிருக்கே, அது என்னன்னு உன்னக் கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வந்தேன்.”

பையில் இருந்தவை மூன்று. முதலாவது ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார். நாடா நைந்திருந்தாலும் நிறம் தெரிந்தது: நடுவில் அகலமாகச் சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. இரண்டாவது, இரண்டாம் உலகப் போரின் பொதுப் பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறு பக்கம் டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். மூன்றாவது இந்தியா சர்வீஸ் மெடல். அதன் பின்பக்கத்தில் இந்திய வரைபடம் இருக்கிறது, பிரிவினைக்கு முந்தைய வரைபடம். வட்டப் பதக்கங்கள் இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். உருக்கினால் எதுவும் தேறாது. பழைய இரும்புக் கடைக்காரர் சொன்ன விலை உலோகத்துக்குச் சரியான விலைதான்.

பூதக்கண்ணாடி வைத்து ஓரத்தைப் பார்த்தேன். ஸ்டாரில் ஓரம் கிடையாது. அதனால் பின்பக்கத்தில் அடித்திருப்பார்கள். மூன்றிலும் ஒரே எண், ‘எஸ்.பி.ஆர்.’ என்ற எழுத்து, ஒரே பெயர். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். என் படைதான். பெயரை வாசித்தேன். மாமனார் பெயரை வாயால் சொல்லிப் பழகாத தலைமுறை அந்தப் பெரியம்மா. பேரனைக் கூப்பிட்டு, “கொள்ளுத் தாத்தா பேரைச் சொல்லுடா” என்றார். பையன் சொன்னான். ஒத்துப்போனது. “அவரு பேரு அதுலயே இருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டார்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்கான ஸ்டார்களையும் பதக்கத்தையும் பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் அடிக்காமல்தான் கொடுத்தது. லண்டனில் ஒரு தாத்தாவின் பர்மா ஸ்டாரை எடுத்துப் பார்த்தால் அது யாருடையது என்று அந்த உலோகம் சொல்லாது. இந்தியப் படையினருக்கு இங்கே எண்ணும் பெயரும் அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே நம் வீட்டுப் பெட்டியில் கிடப்பது வெறும் நினைவுப் பொருள் இல்லை. பெயரோடு கூடிய வரலாற்று ஆவணம் அது. இதைத்தான் நூறு ரூபாய்க்குப் போடுகிறோம்.

முதல் உலகப் போரின் பதக்கம் இன்னும் மோசமான கதி அடைந்தது. பிரிட்டிஷ் வார் மெடல் என்ற அந்தப் பதக்கம் அசல் வெள்ளி. வெள்ளி விலை ஏறிய போதெல்லாம் அது தட்டான் பட்டறைக்குப் போனது. எத்தனை கொலுசில், எத்தனை அரைஞாணில் அந்தப் பெயர்கள் கரைந்தனவோ. மெசபடோமியாவுக்குக் கப்பலேறிய ஆள், ஊரில் ஒரு பிடி எழுத்தும் மிச்சமில்லாமல் மறைந்துபோனார்.

உலோகத்தை வைத்து ஆளை எடை போடும் வழக்கம் பழையது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார். அந்தப் போருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. புலியை வீழ்த்தும் சிங்கம் அதன் முகப்பு. திப்புவின் சின்னம் புலி என்பதால் யார் யாரை வென்றார்கள் என்று வாசிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். ஒரே அச்சு, ஆனால் ஐந்து உலோகம்: உயர் தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம். கோட்டை மதிலில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். மதராஸ் படையின் சிப்பாய்கள், நம் ஊர்களில் இருந்து போனவர்கள், அந்தத் தகரத்தைத்தான் வாங்கினார்கள். அதில் பெயரும் அடிக்கவில்லை.

இந்தியச் சிப்பாயின் வீரத்துக்கென்று தனி விருது 1837இல்தான் வந்தது. இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்று பின்னாளில் பெயர் பெற்ற அது, விக்டோரியா கிராஸைவிட மூத்தது. விக்டோரியா கிராஸ் 1856இல் தொடங்கியது. ஆனால் இந்தியச் சிப்பாய் அதற்குத் தகுதி உடையவன் என்று ஏற்க 1911 வரை ஆயிற்று.

என் படையைச் சேர்ந்த ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. காஞ்சிபுரம் அருகே கீழ்ஓட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை. கூட வந்தவர் ஒருவரின் காலடியில் வெடி தூண்டப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட வெடியில் முதலில் ஒரு சிறு சத்தம் வரும். முழுதாக வெடிக்கச் சில நொடிகள் இருக்கும். அந்த வேலை செய்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும், தரையோடு தரையாகப் படுத்துவிடத் தோன்றும். சுப்பிரமணியம் பாய்ந்து போய் வெடியின் மேல் விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். எதிரியோடு நேருக்கு நேர் மோதாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு உரிய ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

சுதந்திர இந்தியா செய்த நல்ல காரியம், மிக உயர்ந்த வீர விருதை வெண்கலத்தில் அடித்தது. பரம்வீர் சக்கரம் 1950 ஜனவரி 26 அன்று அறிவிக்கப்பட்டது. வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர், சுவிஸ் நாட்டில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்து இந்தியரானவர். நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. தன் முதுகெலும்பையே ஆயுதம் செய்யக் கொடுத்த ததீசி முனிவரை நினைத்து அதை வைத்தார். ஊதா நாடா. சிப்பாய்க்கும் மேஜருக்கும் ஒரே உலோகம், ஒரே அளவு. இதுவரை 21 பேர் மட்டுமே பெற்றிருக்கிறார்கள், அதில் 14 பேர் இறந்தபின். அமைதிப்படையில் போய் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர்.

போர்முனை விருதுகள் பரம்வீர், மகாவீர், வீர் என்று மூன்று. நேரடிப் போர் அல்லாத இடத்துக்கு அசோகச் சக்கரம், கீர்த்தி, சௌரிய என்று மூன்று. பின்னதை நாடாவை வைத்தே சொல்லிவிடலாம்: எல்லாம் பச்சை, அசோகச் சக்கரத்துக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு, கீர்த்திக்கு இரண்டு, சௌரியவுக்கு மூன்று. ‘அமரன்’ படம் பார்த்தவர்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோகச் சக்கரம் தெரியும். திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே மாதம் கார்கிலின் படாலிக் பகுதியில் விழுந்தார், வீர் சக்கரம். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி 2020 ஜூனில் கல்வானில் விழுந்தார், அவருக்கும் வீர் சக்கரம்.

உயிர்விட்ட எல்லோருக்கும் சக்கரம் வருவதில்லை. வீர விருதுக்கு நடந்ததைக் கண்டவர் சாட்சி வேண்டும், மேலதிகாரி எழுதும் விவரக்குறிப்பு வேண்டும். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எப். வண்டிமேல் நடந்த தாக்குதலில் 40 பேர் இறந்தார்கள். அதில் சிவச்சந்திரன் எங்கள் அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். குண்டு வைத்துத் தகர்த்த வண்டியில் இருந்தவனுக்கு வீரம் காட்ட ஒரு நொடிகூடத் தரப்படவில்லை. விருதுப் பட்டியலை வைத்து யார் தியாகம் பெரியது என்று அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சீருடை போடாதவர்களுக்கும் பதக்கம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஜீவன் ரக்ஷா பதக்கம். நீரில் மூழ்கியவரை, தீயில் சிக்கியவரைத் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் காப்பாற்றிய யாருக்கும் கொடுக்கலாம், மூன்று நிலைகள் உண்டு. 1961இல்தான் அது வந்தது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெள்ளத்தில் இறங்கி ஆளைத் தூக்கியவர்களுக்கென்று இப்படி ஒரு பதக்கம் நாட்டில் இல்லை. நம் மாநில அரசு குடியரசு தினத்தன்று வழங்கும் அண்ணா பதக்கமும் பொதுமக்களின் வீரத்துக்கு உரியதே. ஏரியில் மூழ்கிய பிள்ளையை உங்கள் ஊரில் யாராவது தூக்கிக் கரை சேர்த்தால், கைதட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். யாராவது பரிந்துரைத்தால்தான் பெயர் மேலே போகும்.

பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் 1954இல் தொடங்கின. முதல் பாரத ரத்னா பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் பாட்டிக்கும் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ வந்தபோது நம் ஊர்களில் பலர் அதைத் தம் வீட்டு விசேஷமாகவே கொண்டாடினார்கள். ஆனால் அதைப் பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. சிறுவயதில் அரியலூரில் வளர்ந்த உ.வே.சா.வுக்கு 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் வந்தது, பெயரோடு சேர்ந்தே நின்றது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 18ஆம் பிரிவில் பட்டங்களை ஒழித்தது. பத்ம விருது பட்டம் ஆகாது, ஆகவே முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ போடக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலும் விழா பேனரிலும் இதை யாரும் கவனிப்பதில்லை.

இனி, பழைய பதக்கங்களைச் சேகரிப்பவர்களைப் பற்றி. ஒரு ஆள் பெற்ற எல்லாப் பதக்கமும் ஒன்றாக இருந்தால் அதை ‘குரூப்’ என்பார்கள். அதைப் பிரித்து விற்பது ஒரு குடும்பத்தைப் பிரிப்பதற்குச் சமம். பெரும்பாலும் பர்மா ஸ்டாரோடு 1939-45 ஸ்டாரும் இருக்கும். பெரியம்மா பையில் அது இல்லை, எங்கேயோ போய்விட்டது. போலியும் உண்டு. நல்ல பெயருக்காகப் பழைய எழுத்தை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். ராவிய பதக்கத்தின் குறுக்களவு குறையும். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கேலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் ஒன்றுமே இல்லாத இந்தியப் பதக்கம் எல்லாம் மோசடி என்றும் நினைக்க வேண்டாம். அசல் கைக்கு வருமுன் பரேடுக்காக கன்டோன்மென்ட் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வது பட்டாளத்தில் வழக்கம். நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளை உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

நான் குடும்பங்களிடம் விலைக்கு வாங்குவதில்லை. எடைக்கடையில் உரிமை கோர ஆளின்றிக் கிடப்பதை மட்டும் எடுப்பேன். எண்ணை வைத்து வாரிசு தெரியவந்தால் கொடுத்துவிடுவேன்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒன்று இருந்தால் புளி போட்டோ சபீனா போட்டோ தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் தாள், பழைய போட்டோ எது இருந்தாலும் அதோடு சேர்த்து வையுங்கள். பெரியவர் உயிரோடு இருந்தால் எந்த ஊர், எந்த வருஷம், யாரோடு இருந்தார் என்று இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவரின் பதக்கத்தை வாரிசு வலது மார்பில் அணிவது மரபு. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு அப்படி அணிந்து வாருங்கள். பணியில் இருந்தும் பதக்கம் கைக்கு வராமல் போனவர்கள் படை எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் எழுதிக்கொண்டு தங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.