கிடைக்கு ஏற்ற நாய்

காவிரிக் கரை வயல்களில் அறுப்பு முடிந்ததும் கிடை போடுவார்கள். பகலெல்லாம் மேய்ந்த மந்தை இரவில் வயலிலேயே அடையும். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், ஆட்டுக்காரருக்குக் கூலி. முசிறிப் பக்கம் புதிதாகத் திருச்சிக் கருப்புச் செம்மறி பத்து இருபது வாங்கியவருக்கு அடுத்த கவலை நாய்.

யூடியூப் பார்த்தவர்கள் பார்டர் கோலி கேட்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் உருவான இனம். ஆட்டை முறைத்துப் பார்க்கும், பதுங்கும், சுற்றி வளைக்கும். எல்லாம் ஓநாயின் வேட்டைதான். கொல்லும் கட்டத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாக மழுங்கடித்திருக்கிறார்கள். விசிலுக்கு நிறுத்தத் தெரியாதவர் கையில் அது மந்தையை ஓட ஓட விரட்டும். அந்த ஊர்க்காரர்களே புதியவருக்குக் குட்டியைச் சிபாரிசு செய்வதில்லை. வேலை பழகிய, நிதானமான, வயதான நாயைத்தான் சொல்வார்கள்.

நம் ஊரில் மந்தையை ஓட்ட ஆட்டுக்காரரின் குரலும் கம்பும் போதும். நாய்க்கு வேலை ராத்திரியில்: நரி, தெருநாய்க் கூட்டம், திருடன். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு வந்தவை. ஓடுவதைக் கண்டால் துரத்தும், துள்ளும் ஆட்டுக்குட்டியையும் சேர்த்து. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் கம்பீரம்தான். ஆனால் அந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கும். காவலுக்குக் காது வேண்டாமா? வாங்குமுன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

என் ஓட்டு, கிடையிலேயே காவல் இருக்கும் நாட்டு நாய் ஈன்ற குட்டிக்கு. சுமார் எட்டு வாரத்தில் எடுத்து, பட்டிக்குள் ஆடுகளோடு விடுங்கள். மூன்றாவது வாரம் முதல் மூன்று, நான்கு மாதம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் தன் கூட்டமாக நினைக்கும். கிழட்டு ஆடு முட்ட வந்தால் காதை மடக்கி, வாலைத் தாழ்த்தி ஒதுங்கும் குட்டி நல்லது. முறைத்துப் பதுங்கும் குட்டி வேண்டாம். ஆறேழு மாதத்தில் விளையாட்டாக ஆட்டின் காதைக் கவ்வும் சேட்டை வரும். அது அடங்கும்வரை இளங்குட்டிகளோடு தனியே விடக் கூடாது.

மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்தை மட்டும் மறக்கவே கூடாது. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை புல் வழியாக ஆட்டுக்குள் போய் மூளையில் நீர்க்கட்டியாகும். அந்த ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடிக்கும். அதன் தலையைப் பச்சையாகத் தின்னும் நாய்க்குப் புழு மறுபடி தொற்றும். அதனால் செத்த ஆட்டைப் புதைத்துவிடுங்கள். அறுத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாதீர்கள்.