பாதி வழியில் காணாமல் போன ராக்கெட்!

தஞ்சாவூர்:

காணவில்லை! பெயர்: அக்னிபுத்ரன். தொழில்: கண்டம் விட்டுக் கண்டம் பாய்வது. அடையாளம்: தலையில் அணுகுண்டு. கடைசியாகக் காணப்பட்ட இடம்: சினிமா தியேட்டர், இடைவேளைக்குச் சற்று முன்பு. காணாமல் போன ஆண்டு: 1986.

இப்படி ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டாததுதான் பாக்கி. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் ராக்கெட்டைத் தேடினார்கள், தேடினார்கள், படம் முடிகிற நேரம் வரைக்கும் தேடினார்கள். அந்தப் படம்தான் கமலஹாசனின் "விக்ரம்."

1986 மே 29-ந் தேதி படம் வெளியானது. அப்போது தஞ்சை மாவட்டம் பெரிய மாவட்டம். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மே கடைசி என்றால் டெல்டாவில் வயல் காய்ந்து கிடக்கிற நேரம். உளுந்து, பயறு எடுத்தாகிவிட்டது. ஜூன் 12-ந் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலில் வந்து, நாற்று விட்டு, பிறகுதான் நடவுக் கூலி. அதுவரை கையில் இருக்கிற காசை எண்ணி எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். அந்தக் காசில் ஒரு பங்கு சினிமாவுக்குப் போகும். பஸ்சுக்குக் கொடுத்தது போக மீதி டிக்கெட்டுக்கு. ரெண்டாவது ஆட்டம் பார்த்தால் ஊருக்குப் போகக் கடைசி பஸ் இருக்காது. பஸ் ஸ்டாண்டிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டு விடியற்காலை முதல் பஸ் ஏற வேண்டியதுதான். ஆகவே படம் பிடிக்காமல் போனால் நஷ்டம் தயாரிப்பாளருக்கு மட்டும் அல்ல.

கோடி ரூபாய்ப் படம்!

"விக்ரம்" மீது ஜனங்களுக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பேச்சு. தமிழ்ப் படத்துக்குக் கோடியா என்று வாயைப் பிளந்த காலம் அது. கமலின் சொந்தக் கம்பெனியான ராஜ்கமல் தயாரிப்பு. டைரக்‌ஷன் ராஜசேகர். அதற்கு முந்தைய வருடம் (1985) கமலையும் வில்லன் சத்யராஜையும் மோதவிட்டு "காக்கிச் சட்டை" எடுத்து ஓட்டியவர். இசை இளையராஜா. டைட்டில் பாட்டைக் கமலே பாடினார்.

இதற்கெல்லாம் மேலே, கதை வசனம் சுஜாதா! "குமுதம்" வார இதழில் படத்தின் ஸ்டில்களோடு கதை தொடராக வந்துகொண்டிருந்தது. முடிவெட்டும் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தவர்களுக்கு ராக்கெட், ஏவுகணை, கம்ப்யூட்டர் எல்லாம் பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது நம் ஊர் வங்கிகளில் பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்தில் அட்டை டிக்கெட். ஒரு கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர் ஒரு தெருவுக்கு ஒருவர் தேறமாட்டார். சினிமாவில் பார்க்கலாமே என்றுதான் கூட்டம் கிளம்பியது.

பாதிப் படம் பறந்தது!

ஏமாற்றவில்லை, முதல் பாதி வரைக்கும்.

இந்தியாவின் ஏவுகணை அக்னிபுத்ரன் கடத்தப்படுகிறது. கடத்தியவன் சுகிர்தராஜா என்கிற சத்யராஜ். அதை மீட்க உளவுத்துறை அதிகாரி விக்ரமை அழைக்கிறார்கள். விக்ரமின் கர்ப்பிணி மனைவியாக அம்பிகா. அவரைத் தொலைத்துக்கட்டிவிடுகிறார்கள் எதிரிகள். நாட்டுக் கடமையோடு வீட்டுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. துணைக்கு வருகிறார் கம்ப்யூட்டர் படித்த பெண் ப்ரீத்தி. இந்த வேடத்தில் லிசி. 1986-ல் தமிழ் சினிமாவில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாட்டைக் காப்பாற்றுகிற வேலை அவள் விரல் நுனியில் இருக்கிறது என்று காட்டியது சாதாரண விஷயம் அல்ல. இதற்காகவே படத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

இடைவேளை மணி அடித்தது. வெளியே வந்து டீ, முறுக்கு. உள்ளே போய் உட்கார்ந்தால்...

சுல்தான் வந்தார், ராக்கெட் போச்சு!

பாலைவனம். ஒட்டகம். சலாமியா என்று ஒரு கற்பனை தேசம். அதற்கு ஒரு சுல்தான், "ஷோலே" கப்பர்சிங் அம்ஜத்கான். ஒரு இளவரசி, "பாபி" புகழ் டிம்பிள் கபாடியா. சலாமியாவுக்கென்று யாருக்கும் புரியாத ஒரு பாஷை. அதை மொழிபெயர்க்க ஜனகராஜ். சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அணுகுண்டு வைத்த ஏவுகணை ஒன்று எங்கோ தயாராக நிற்கிறது என்று சொல்லிவிட்டு, இங்கே அரண்மனை, நடனம், ஹீரோவுக்காக இரண்டு பெண்கள் போட்டி என்று போய்க்கொண்டே இருந்தால்? "ஏய்யா, அந்த ராக்கெட் என்னதான்யா ஆச்சு?" என்று கேட்கத் தோன்றாதா?

கல்லணையில் தண்ணீர் பிரிகிற மாதிரி கதை பிரிந்துவிட்டது. காவிரிக்குக் கொஞ்சம், வெண்ணாற்றுக்குக் கொஞ்சம், புது ஆற்றுக்குக் கொஞ்சம், மிச்சம் கொள்ளிடத்தில். அணையிலே திறந்தது உண்மைதான். கடைமடைக்கு வந்து சேரவில்லை.

கடைசியில் ராக்கெட் ஞாபகம் வந்து அவசர அவசரமாக முடித்தார்கள். அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

படம் படுத்துவிட்டது என்று சொல்வது தப்பு. பார்த்தவர்கள் பலர். பாட்டுகள் ரேடியோவில் ஓடின. ஆனால் போட்ட பணத்துக்கும் கிளப்பிய எதிர்பார்ப்புக்கும் தக்க வசூல் இல்லை என்பதே சினிமா வட்டாரத்தில் நிலைத்த பேச்சு. இன்னொரு சேதமும் உண்டு. நம் ஜனங்களுக்கு விஞ்ஞானப் படம் ஒத்துவராது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அது நியாயமா? ஜனங்கள் கொட்டாவி விட்டது விஞ்ஞானம் இருந்த பாதியில் அல்லவே!

எம்.ஜி.ஆர். போன கிரகம்!

இந்தக் கோளாறு "விக்ரம்" படத்தோடு தொடங்கியதும் அல்ல. அதற்கு 23 வருடம் முன்பே, 1963 ஏப்ரலில் ஒரு படம் வந்தது. பெயர் "கலை அரசி." காசிலிங்கம் டைரக்‌ஷன். வசனம் எழுதிய ரவீந்தர் நம் நாகூர்க்காரர். எம்.ஜி.ஆருக்கு அதில் விவசாயி வேடம். ஜோடி பானுமதி.

கதை என்ன தெரியுமா? வேறு கிரகத்தில் இருந்து பறக்கும் தட்டில் ஆட்கள் வருகிறார்கள். எதற்கு? நெல்லுக்கா, பொன்னுக்கா? இல்லை. பாட்டுக்கு! அவர்கள் கிரகத்தில் சங்கீதம் தெரிந்தவர் இல்லையாம். பாடத் தெரிந்த பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தூக்குகிற வேலை, வழக்கம்போல, நம்பியாருக்கு. மீட்டு வர எம்.ஜி.ஆரும் வானத்துக்குப் போகிறார். அங்கே எடையில்லாமல் மிதந்து மிதந்து நடக்கிறார். கேரளத்தில் தும்பாவில் இருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21-ல்தான். அதற்கு ஏழு மாதம் முன்பே நம்ம ஊர் விவசாயி வேறு கிரகத்தில் கால் வைத்தாகிவிட்டது!

சரி, அந்தக் கிரகத்தில் என்ன இருந்தது? ராஜா குடும்பம். அரண்மனை. சதி. எம்.ஜி.ஆருக்கு அங்கே இன்னொரு வேடம், கோமாளி. பூமியில் எத்தனையோ தடவை பார்த்த ராஜா ராணிக் கதையை மேலே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். எம்.ஜி.ஆர். படம் என்றால் கொட்டகை நிரம்பி வழிந்த காலத்திலும் இந்தப் படம் எதிர்பார்த்த வெற்றி பெறவில்லை. கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்த பிள்ளை ஆகாயம் வரைக்கும் போனதற்குக் கூட்டம் கூட வேண்டாமா? கூடவில்லை.

"விக்ரம்" வெளியானபோது அதே எம்.ஜி.ஆர்.தான் தமிழ்நாட்டின் முதல்-அமைச்சர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே காலேஜ், இரண்டு அக்னி!

இனி சொல்லப்போவதுதான் வேடிக்கையிலும் வேடிக்கை.

சுஜாதா என்கிற ரங்கராஜன் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கிருந்து என்ஜினீயராகப் போய், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்சில் வேலை. கையிலே கருவி, இன்னொரு கையிலே பேனா.

அதே காலத்தில் அதே செயின்ட் ஜோசப்பில் படித்து, அதே எம்.ஐ.டி.க்குப் போன இன்னொருவர் ராமேசுவரம் அப்துல் கலாம். நாட்டின் ஏவுகணைத் திட்டம் 1983-ல் தொடங்கியபோது தலைமை ஏற்றவர்.

சுஜாதா தன் கதை ஏவுகணைக்கு வைத்த பெயர் அக்னிபுத்ரன். படம் வந்து மூன்று வருடத்துக்கு ஒரு வாரம் குறைய, 1989 மே 22-ந் தேதி, ஒரிசா கடற்கரையில் சாந்திப்பூரில் இருந்து நிஜ ஏவுகணை ஒன்று கிளம்பியது. கலாம் குழுவின் வேலை. அதன் பெயர் அக்னி!

சினிமாவில் சொன்ன மாதிரி அவ்வளவு தூரம் பாய்கிற அக்னிக்கு இன்னும் காலம் பிடித்தது. 5,000 கிலோமீட்டர் போகும் அக்னி-5 முதல் தடவையாகச் சோதிக்கப்பட்டது 2012 ஏப்ரல் 19-ல். ஆகக் கூடி, 1986-ல் "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று நினைத்த பாதி நடந்தேவிட்டது. "இதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்று நினைத்துச் சேர்த்த சுல்தானும் ஒட்டகமும்தான் பழசாகிப் போயின.

சுஜாதாவுக்கு வந்த வெற்றி

சுஜாதா விடவில்லை. பல வருடம் கழித்து டைரக்டர் ஷங்கரின் "எந்திரன்" படத்தில் எழுதினார். அதிலும் டூயட் உண்டு, சண்டை உண்டு. ஆனால் ரோபோவை விட்டுவிட்டுக் கதை வேறு ஊருக்குப் போகவில்லை. முதல் ரீலில் வந்த ரோபோதான் கடைசி ரீல் வரை ஆட்டிப்படைத்தது. 2010 அக்டோபர் 1-ல் வெளிவந்து வசூலைக் குவித்தது. நகரம், பட்டிக்காடு என்கிற வித்தியாசம் இல்லாமல் ஜனம் பார்த்தது. பார்க்கத்தான் சுஜாதா இல்லை. 2008 பிப்ரவரி 27-ந் தேதியே காலமாகிவிட்டார்.

கமலும் அந்தப் பெயரை விடவில்லை. 2022 ஜூன் 3-ந் தேதி அதே "விக்ரம்" என்ற பெயரில், லோகேஷ் கனகராஜ் டைரக்‌ஷனில், மறுபடி உளவுத்துறை ஆளாக வந்தார். பழைய படத்தின் வசூல் குறையை வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார். புதுப் படத்தில் சுல்தான் இல்லை, ஒட்டகம் இல்லை. ராக்கெட்டும் இல்லை.

அப்படியானால் ராக்கெட் எங்கே?

தஞ்சாவூரிலேயே இருக்கிறது! புதுக்கோட்டை ரோட்டில் உள்ள விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரி 20-ந் தேதி சுகோய்-30 போர் விமானப் பிரிவு ஒன்று வந்து சேர்ந்தது. அந்த விமானங்கள் சுமப்பது பிரமோஸ் ஏவுகணை. ஒன்றின் எடை இரண்டரை டன். சத்தத்தின் வேகத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான வேகம்.

விமானம் கிளம்புகிற நாட்களில் சுற்றுவட்டாரத்தில் காது அடைக்கிற சத்தம். நடவு வயலில் குனிந்திருக்கிற பெண்கள் நாற்று முடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்க்கிறார்கள். பார்ப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது.