மழைக்கால அவசரப் பை: கனம் குறைவாக இருக்கட்டும்!

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தபோது பலர் படகில்தான் வெளியேறினார்கள். படகில் பெட்டி படுக்கைக்கு இடமிருக்காது. எனவே அக்டோபருக்குள் தோளில் மாட்டும் பை ஒன்றைத் தயார் செய்துவிடுங்கள். குழந்தையையும் பெரியவரையும் பிடிக்க ரெண்டு கையும் காலியா இருக்கணும்.

எதை வைக்கலாம்? மலையேறுபவர்களின் கணக்கு இங்கும் பொருந்தும்.

• தண்ணீர்: ஒரு லிட்டரே ஒரு கிலோ. வழிக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் போதும்.
• உடை: ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது.
• மாத்திரை, டார்ச், விசில், பவர் பேங்க்.
• ஆவணங்கள்: தண்ணீர் புகாத உறையில். ஆதார், ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரிலும் இருக்கட்டும்.

பையை மாட்டிக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்க. மூச்சு வாங்கினால் கனத்தைக் குறையுங்கள்.

உதவிக்கு: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077.