வாழைப்பழக் கூடை நோட்புக்கில் படமாகத் தெரிவது எப்படி?

தை மாதம் சேவுகம்பட்டி பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். அந்தக் கூடைகளைக் கணக்கிட, 2014-ல் ஐபைத்தானிலிருந்து கிளைத்த ஜூப்பிட்டர் நோட்புக்கில் ‘கூடை’ என்றொரு பைத்தான் வகையை எழுதி, அதிலிருந்து ஒரு பொருளை உருவாக்குகிறீர்கள். ஓடவிட்டால் என்ன வரும்? வகையின் பெயரும் நினைவக முகவரியும்தான். பழம் எங்கே?

நோட்புக் கல்யாணத் தரகர் மாதிரி. “போட்டோ இருக்கா?” என்று பொருளிடம் கேட்கும். இல்லையென்றால் பேரும் விலாசமும் போதும் என்று விட்டுவிடும்.

போட்டோவை எப்படிக் கொடுப்பது? வகைக்குள் ‘_repr_html_’ என்ற செயற்கூறை எழுதுங்கள். பழத்துக்கொரு மஞ்சள் வட்டம் வரையும் எச்டிஎம்எல் வரிகளை அது திருப்பித் தரட்டும். அவ்வளவுதான்! பத்துப் பழம் என்றால் பத்து வட்டம் வரிசைகட்டும். பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தின் அட்டவணை கோடு போட்டு அழகாக வருவதும் இப்படித்தான்.

எழுத்து வடிவத்தையும் நோட்புக் கூடவே வைத்திருக்கும். படம் காட்ட முடியாத இடத்தில் அது கைகொடுக்கும்.