ஆட்டமும் ஆசிரியத் தொண்டும்

2017-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதியன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில், நமது பெண்கள் கிரிக்கெட் அணி ஒன்பது ஓட்டங்களில் தோற்றது. தேசம் முழுவதும் அத்தோல்வியைப் பற்றிப் பேசிற்று, பேசியதும் நியாயமே. அதே தினத்தில், ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோ மீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரில், ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் பந்தயங்கள் தொடங்கின. ஒரு வாரத்திற்குள் இந்திய அணி இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-க்கு 73 என்ற கணக்கில் வென்று முதற் பிரிவுக்கு உயர்ந்தது. சீமையில் நேர்ந்த தோல்வியை அறிந்தவர் பலர். நமது வாயிற்படியில் கிட்டிய வெற்றியை அறிந்தவர் சிலரே.

அந்த அணியில் ஆடியவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீமதி அனிதா பால்துரை. அப்பொழுது அவருக்கு வயது 32. 2001-ம் வருஷம் முதல் அவ்வருஷம் வரையில் ஆசியப் பெண்கள் பந்தயத்தில் தொடர்ச்சியாக ஒன்பது தடவை ஆடிய முதல் இந்தியப் பெண் அவரே. ஓட்டப் பந்தயத்திலும் வாலிபாலிலும் பழகிப் பின்னர் கூடைப்பந்துக்கு வந்த அவர், பத்தொன்பதாம் வயதிலேயே தேசிய அணியின் தலைமையை ஏற்றார். அவ்வளவு இளம் வயதில் அப்பொறுப்பை வகித்தவர் அவருக்கு முன் எவருமில்லை. எட்டு வருஷ காலம் அணியைத் தலைமை தாங்கி நடத்தினார். தேசியப் பந்தயங்களில் அவர் பெற்ற பதக்கங்கள் முப்பது.

இவ்வளவு நீண்ட காலம் ஆடுவதற்கு உடல் வலிமை மட்டும் போதுமோ? போதாதென்பது நமது துணிபு. பெண்ணொருத்தி இருபது வயதைத் தாண்டியதும் வீட்டில் எழும் முதற்கேள்வி, "இந்தப் பந்து சோறு போடுமா?" என்பதே. கேட்பவரை நாம் குறை கூற மாட்டோம்; வறுமையை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. ஸ்ரீமதி அனிதாவின் விஷயத்தில் அதற்கு விடையளித்தது தென்னக ரயில்வே. அங்கே கிடைத்த உத்தியோகம் அவருக்குச் சம்பளத்தையும், பயிற்சிக்கு அவகாசத்தையும் தந்தது. தேசியப் பந்தயங்களில் ரயில்வே பெண்கள் அணி நெடுங்காலமாக மேலோங்கி நிற்பதன் ரகசியமும் இதுவே. திறமை எங்கும் முளைக்கிறது; அதற்கு மாதச் சம்பளம் என்னும் வேலியிட்டவர்களிடம் அது மரமாகிறது.

கௌரவத்தின் வரலாறு வேறு விதமானது. விளையாட்டு வீரர்களுக்கென்றே ஏற்பட்ட அர்ஜுனா விருது அவருக்குக் கிட்டவேயில்லை. 2021-ம் வருஷம் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டமளித்தது. சிறிய கதவு திறவாதிருக்கப் பெரிய கதவு திறந்த இந்த வேடிக்கையை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டு விடுகிறோம்.

ஆயினும், அவரது வாழ்க்கையில் நாம் அதிகமாகப் போற்றுவது பட்டத்தையன்று. ஆடுகளத்தை விட்டிறங்கிய பின் அவர் பயிற்சியாளராகி, இளம் பெண்களுக்கு ஆட்டம் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். ஆட்டக்காரரின் காலம் மிகக் குறுகியது. முழங்கால் தேய்ந்தால் முடிந்தது. தான் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்காமல் அவர் வீடு திரும்பினால், பதினெட்டு வருஷத்து அனுபவமும் அவருடனேயே வீட்டுக்குள் போய்விடும். அடுத்த தலைமுறை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கூடைப்பந்தே ஓர் உபாத்தியாயரின் படைப்பென்பதை இங்கே நினைவூட்டுகிறோம். 1891-ம் வருஷம் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில், குளிர்காலத்தில் கட்டிடத்துக்குள்ளேயே மாணவர்கள் ஆடத்தக்க ஆட்டமொன்று வேண்டுமென்று, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக் கூடைகளை உள்மாடத்தில் மாட்டி இதனை அமைத்தார். அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ம் வருஷத்தில் சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கினார். வீரர்களைத் தேடுமுன் ஆசிரியர்களை உண்டாக்கியது அவரது தீர்க்க திருஷ்டி.

இனி நமது எல்லைப்புறத்தைக் கவனிப்போம். எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் இப்பிரதேசத்தின் முகமே மாறிவிட்டது. லாரியும், மோட்டார் சைக்கிளும், கைக்கடிகாரமும் செய்த ஊரைச் சுற்றி இன்று கைபேசி உறுப்புகளும் மின்சார வண்டிகளும் உருவாகின்றன. இப்புதிய ஆலைகளில் வேலை செய்வோருள் பல்லாயிரவர் இளம் பெண்கள். தமிழும், தெலுங்கும், கன்னடமும் கலந்து ஒலித்த கடைவீதியில் இப்பொழுது ஜார்க்கண்டுப் பெண்களின் பேச்சும் கேட்கிறது. ஷிப்டு முடிந்ததும் பஸ். பஸ்ஸை விட்டிறங்கினால் விடுதி. விடுதியில் கட்டிலும் கைபேசியும். பள்ளியில் பந்து பிடித்த கைகள் இவர்களுள் எத்தனையோ உண்டு. பள்ளியை விட்ட தினத்தோடு ஆட்டமும் அவர்களை விட்டது.

இப்பெண்களின் சார்பில் ஆலை முதலாளிகளிடமும் சர்க்காரிடமும் நாம் ஒரு வழக்கைத் தாக்கல் செய்கிறோம். எதிர்வாதம் என்னவென்பதையும் அறிவோம்: "இடமில்லை, நேரமில்லை, செலவு அதிகம்." முழுக் கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். லாரிகளை நிறுத்த ஏக்கர் கணக்கில் நிலம் ஒதுக்கும் ஆலைக்கு இது பெரிதன்று. அதுவும் மிகையென்றால், மூவர் ஆட்டமென்று ஒன்றிருக்கிறது. பக்கத்திற்கு மூவர், மாற்றாள் ஒருவர், கூடை ஒன்றே, ஆடுகளமோ 15 மீட்டருக்கு 11 மீட்டர், நேரம் பத்தே நிமிஷம். விடுதி முற்றத்தில் இதை அமைத்து விடலாம். இதை அற்பமென்று எண்ண வேண்டாம். 2013-ம் வருஷம் டோஹாவில் நடந்த முதல் ஆசிய மூவர் பந்தயத்தில் தங்கம் வென்றவர்கள் நம் இந்தியப் பெண்கள். அவ்வணியிலும் ஸ்ரீமதி அனிதா இருந்தார். டோக்கியோ ஒலிம்பிக் முதல் அவ்வாட்டம் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றுவிட்டது.

ஆனால் இரும்புக் கம்பமும் வளையமும் மட்டும் ஆட்டத்தை உண்டாக்கி விடா. திறப்பு விழாவில் மாலை சூடி, மறு வருஷம் துணி காயப் போடும் கம்பமாக முடிந்த கூடைகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே இல்லாமற் போனவர் ஆசிரியர். ஆகையால் நமது கோரிக்கைகள் மூன்று: பெண்கள் தங்கும் பெரிய விடுதிதோறும் ஓர் ஆடுகளம், அதற்குச் சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், கூடுமானவரை ஆடி ஓய்ந்த பெண், ஷிப்டு முறையில் வாரத்திற்கு இரண்டு மாலைப் பொழுதேனும் பயிற்சிக்கென ஒதுக்கம். ரயில்வே செய்து காட்டியதை ஆலைகள் செய்ய இயலாதென்று எவரும் சொல்ல முடியாது.

பொதுத் தொண்டில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்கள் கூலியையும் போனஸையும் பற்றிப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அடுத்த தடவை நிர்வாகத்தின் முன் அமரும்போது அந்த ஜாபிதாவில் இந்த மூன்றையும் சேர்த்துக் கொள்வார்களாக. பெங்களூரில் பந்தயம் மறுபடியும் நடக்கும். அப்பொழுது ஓசூரிலிருந்து செல்பவர்கள் பார்வையாளராக மட்டும் செல்லலாகாது.