அருகிருப்பவர்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து துணை செய்பவரையும் அது சேர்த்துச் சொல்கிறது. போதைப்பழக்கத்திற்கு ஆளான இளையோரைப் பொறுத்தவரை, இந்த நான்காமவரின் பங்கு மிகப் பெரிது. அதிலும், நேரடியான மருந்தே இல்லாத ஒரு பழக்கம் சிறுவர்களிடையே பரவியுள்ளது. ஆவியை முகர்ந்து மயங்கும் பழக்கம் அது.

எழுத்துப்பிழையை மறைக்கும் ஒயிட்னர், அதை நீர்க்கச் செய்யும் தின்னர், மிதிவண்டிக் கடையில் பஞ்சர் ஒட்டும் பசை, பெட்ரோல் முதலியவை இதற்குப் பயன்படுகின்றன. நாடு முழுவதும் போதைப்பொருள் பயன்பாட்டை அளவிடும் ஆய்வொன்றை மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவ நிறுவனம் நடத்தியது. அதன் அறிக்கை 2019இல் வெளிவந்தது. மது, கஞ்சா போன்றவற்றைப் பயன்படுத்துவோர் சிறுவர்களைவிடப் பெரியவர்களிடையே மிகுதி. ஆவியை முகர்வதில் மட்டும் கணக்கு தலைகீழாக இருந்தது. பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினரும், 10 முதல் 17 வயது வரை உள்ளோரில் 1.17 விழுக்காட்டினரும் இப்பழக்கம் உடையோராகக் காணப்பட்டனர். இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இப்பொருள்கள் விலை குறைந்தவை. எழுதுபொருள் கடையில் கிடைப்பவை. சிறுவன் கையில் இருந்தால் எவரும் ஐயுறாதவை. புட்டியில் அடைத்த ஒயிட்னரையும் தின்னரையும் விற்பதற்கு 2012இல் மத்திய அரசு தடை விதித்தது. ஆயினும் பசையையும் பெட்ரோலையும் அவ்வாறு தடை செய்ய இயலுமா?

முகரப்பட்ட ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளையை அடைகிறது. தலை சுழல்கிறது, பசி, குளிர், அச்சம் ஆகியவை சற்று நேரம் மறக்கின்றன. தெருவில் வாழும் சிறுவர்கள் இதை நாடுவதன் காரணம் இதுவே. அவர்கள் தேடுவது களிப்பை அன்று, மறதியை. ஆனால் இந்தப் பசைகளிலும் தின்னர்களிலும் உள்ள டொலுவீன் போன்ற வேதிப்பொருள்கள் கொழுப்பைக் கரைக்கும் இயல்புடையவை. மூளையின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறையோ பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. நெடுங்காலம் முகர்வோருக்கு நினைவாற்றல் குன்றுவதும் நடை தள்ளாடுவதும் இதனால்தான். நெடுங்காலம் வரை காத்திராத தீங்கும் ஒன்று உண்டு. இவ்வாவி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பதால், முதன்முறை முகர்ந்தவரும் திடீரென இறந்துபோகக் கூடும்.

ஆகவே மயங்கிய நிலையில் ஒருவரைக் கண்டால், அவரை அதட்டுவதோ துரத்துவதோ பெருந்தவறு. திடுக்கிடும்போது உடலில் சுரக்கும் அட்ரினலின், ஏற்கெனவே நிலைகுலைந்த இதயத்தை நிறுத்திவிடக் கூடும். அமைதியாகப் பேசிக் காற்றோட்டமான இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். நினைவிழந்து மூச்சு விடுபவராயின் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 112 என்னும் அவசர உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

வீடும் பள்ளியும் உள்ள சிறுவர்களும் இப்பழக்கத்தில் விழுவதுண்டு. மனத்துயரம் சிலரைப் போதைக்கு இட்டுச் செல்கிறது; போதை சிலருக்கு மனத்துயரத்தைத் தருகிறது. எது முந்தியது என்று பிரித்தறிவது மருத்துவர்க்கும் எளிதன்று. உறக்கம் கெடுதல், விளையாட்டில் நாட்டம் குறைதல், நெருங்கிய நண்பரையும் விலக்குதல், உடையிலும் மூச்சிலும் வேதிப்பொருளின் நெடி வீசுதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். ஓர் அறிகுறியைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. தேர்வு நெருங்கினால் எல்லாருக்குந்தான் உறக்கம் கெடுகிறது!

தோழன் ஒருவன் தன் துன்பத்தைச் சொல்லி, எவரிடமும் சொல்லாதே என்று உறுதி கேட்கலாம். அந்த உறுதியைத் தருவது நட்பாகாது. உயிருக்கு ஊறு விளையும் செய்தியை நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்வது காட்டிக்கொடுத்தலும் ஆகாது. இதைத் தோழனிடமே முன்கூட்டிக் கூறிவிடுதல் நேர்மை. உடன் வருவதாகச் சொல்லுதல் அதனினும் நன்று.

சிகிச்சையின் பெரும்பகுதி உரையாடல்தான். உறக்கம், உணவு, படிப்பு ஆகியவற்றை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும். இடையில் பழக்கம் மீள்வதுண்டு. அது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அன்று. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் ஒரு போதை மீட்பு மையத்தைத் தொடங்கினார். குடிநோயால் கணவரை இழந்தவர் அவர். அங்கு நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. வீட்டார் மாறாமல் நோயாளி மட்டும் மாறிவிட முடியாது என்பது அவர் கண்ட உண்மை. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சட்டமும் இச்சிறுவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்ப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், போதைப்பழக்கத்திற்கு இழுக்கப்படும் நிலையிலுள்ள குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதுகிறது. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கே ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் ஆகியவற்றால் நேரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. ஆனால் நோயாளியே அந்தப் பிள்ளையாக இருக்கும்போது, மருத்துவர் கூறுவதைத் தாயிடம் அவன் எங்ஙனம் முழுமையாகச் சொல்வான்? அஞ்சுவதை மறைப்பான், நாணுவதைக் குறைப்பான். இக்குறையை ஓரளவு தீர்ப்பது, 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்குத் தலைமை மையமாக விளங்குகிறது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பேச விரும்பும் மொழியையும் தேர்ந்தெடுக்கலாம். தில்லியிலோ மும்பையிலோ இருக்கும் தாய் ஒருவர், இடையில் மகனை நிறுத்தாமல், தம் ஐயங்களைத் தமிழிலேயே கேட்கலாம்.